அழகுத்தாயின் ஏழு வண்டிகள்

எங்கள் ஊரிலேயே பெரிய வண்டிக்காரி அழகுத்தாய் மதினிதான். 'சின்ன யானை' என்கிற குட்டி லோடு வண்டி இரண்டு, ஒரு டிராக்டர், கரிமூட்டை ஏற்றுகிற மினி லாரி ஒன்று, தண்ணீர் லாரி ஒன்று, ஷேர் ஆட்டோ ஒன்று, மில்லுக்கு ஆள் ஏற்றும் வேன் ஒன்று. ஆக மொத்தம் ஏழு. ஏழுக்கும் ஆர்.சி. புத்தகத்தில் அவள் பெயர்தான் இருக்கிறது. ஆனால் அவளுக்கு ஓட்டத் தெரிந்தது ஆடு மட்டும். குடியிருப்பது பனையோலைக் கூரைக்குக் கீழே. ஓலைக்கு மேல் நீலத் தார்ப்பாய், அது பறந்துவிடாமல் இருக்க மேலே நாலு பழைய டயர். அந்த டயர்களும் காளிராஜ் அண்ணன் தன் டிராக்டருக்குப் புதுசு மாட்டும்போது கழற்றிக் கொடுத்தவை.

குழப்பமாக இருக்கிறதா? எங்களுக்குக் குழப்பமே இல்லை. மதினிக்குக் கைராசி. பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால், எங்கள் ஒத்தப்பனைக்குளத்தில் யார் போர் போட்டாலும் புழுதிதான் வந்துகொண்டிருந்த காலத்தில், அவள் தேங்காய் உடைத்த இடத்தில் இருநூறு அடியில் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு வந்தது. அதே வருடம் காளிராஜ் அண்ணன் தன் பெயரில் வாங்கிய டிராக்டர் மூன்றாம் நாளே கண்மாய்க்குள் இறங்கிப் படுத்துக்கொண்டது. தூக்கி எடுத்து, மதினி பெயருக்கு மாற்றினார். அப்புறம் அது ஒரு ஆணிகூடக் குத்தாமல் ஓடியது. பிறகு ஊரில் யார் எந்த வண்டி வாங்கினாலும் நேராக மதினியிடம் போய், "ஒரு கையெழுத்துப் போடுங்க" என்று நிற்பது வழக்கமாகிவிட்டது. அவளும் சிரித்துக்கொண்டே போட்டாள்.

நான் நாகஜோதி, ஊர் மகளிர் குழுத் தலைவி. எனக்குக் கோபம் சீக்கிரம் வரும், சிரிப்பு அதைவிடச் சீக்கிரம் வரும். இரண்டும் ஒன்றாக வந்து என்னைப் போட்டுப் புரட்டிய ஒரு நாளைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன்.

அரசாங்கத்தின் வீட்டுத் திட்டத்துக்கு எங்கள் ஊரில் கணக்கெடுத்தது நான்தான். போனில் ஆதார் எண்ணைத் தட்டினால் மற்றதெல்லாம் அதுவே சொல்லும். மூன்று சக்கரமோ நான்கு சக்கரமோ வண்டி இருந்தால் வீடு கிடையாது என்பது விதி. காளிராஜ் அண்ணன் எண்ணைத் தட்டினேன், வண்டி இல்லை என்றது. கரிமூட்டைக் கருத்தப்பாண்டிக்கும் இல்லை. என் வீட்டுக்காரர் மாரிசெல்வத்துக்கும் இல்லை. அழகுத்தாய் எண்ணைத் தட்டினேன். போன் ஏழு வண்டியையும் வரிசையாகக் காட்டிவிட்டு, சிவப்பு எழுத்தில் 'தகுதியில்லை' என்றது.

ஆக, வண்டி வைத்திருந்த ஏழு குடும்பத்துக்கும் கான்கிரீட் வீடு வந்தது. வண்டியே இல்லாத ஒருத்திக்கு வரவில்லை. அந்த ஏழில் எங்கள் வீடும் ஒன்று, அந்த வேன் எங்களுடையது. இதை நானே முன்னால் சொல்லிவிடுகிறேன், பின்னால் கண்டுபிடித்தோம் என்று யாரும் பெருமைப்பட வேண்டாம்.

மதினி ஒவ்வொருவரிடமும் போய்க் கேட்டாள். "பேரை மாத்திக்கோங்கப்பா, எனக்கும் ஒரு வீடு வரட்டும்." எல்லோரும் "தை பொறக்கட்டும் மதினி" என்றார்கள். மூன்று தை பிறந்துவிட்டது. ராசி போய்விடும் என்று பயந்தோம். ராசியை நம்பினோமா என்றால் நம்பினோம்தான், வீடு வந்த பிறகு இன்னும் பலமாக நம்பினோம். போன ஐப்பசி மழையில் அவள் வீட்டுப் பின்சுவர் இடிந்து விழுந்தது. இந்த வருடத்துப் பட்டியலோடு திட்டம் முடிகிறது என்று அறிவித்துவிட்டார்கள். இதிலும் பெயர் வராவிட்டால் அவளுக்கு அந்தத் தார்ப்பாய்தான் கடைசிவரைக்கும்.

இந்த நிலைமையில்தான் ஆயுத பூஜைக்கு முதல் நாள் சட்டமன்றக் குழு ஒன்று திருச்சுழிப் பக்கம் வந்தது. அரசு உதவிகளை யார் யாருக்குக் கொடுக்கலாம், எந்த வரம்போடு நிறுத்தலாம் என்று ஊர் ஊராகப் பார்த்து அறிக்கை எழுதும் குழு. தலைவர் ஒருவர், உறுப்பினர்கள் சிலர், கூட வந்த அரசு அதிகாரிகள், அவர்கள் பேசுவதையெல்லாம் எழுதிக்கொள்ள ஒரு பெண். திருச்சுழியில் அவர்களுக்குக் காலைப் பலகாரம் எங்கள் மகளிர் குழுவின் பொறுப்பு.

உறுப்பினர்களில் பூமிநாதன் என்பவருக்கு வரம்பு வேண்டும். சரஸ்வதி என்ற அம்மாவுக்கு வரம்பு என்ற சொல்லே ஆகாது. இருவரும் சென்னையில் ஆரம்பித்த சண்டையை உளுந்தவடை வரைக்கும் கொண்டுவந்திருந்தார்கள்.

"இரண்டு வடை சாப்பிட்டவருக்கு மூன்றாவது எதற்கு? இன்னும் சாப்பிடாதவர் இருக்கிறாரே" என்றார் பூமிநாதன்.

"பசிக்கிறதா என்று அவரைக் கேட்டீர்களா? இலையை எண்ணிவிட்டு எழுந்துபோகச் சொன்னால் எப்படி?" என்றார் சரஸ்வதி.

தலைவர் நடுவில் உட்கார்ந்து நாலாவது வடையைச் சத்தமில்லாமல் முடித்தார். நான் சட்னி வாளியோடு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன். அந்தச் சிரிப்பு அதிக நேரம் நிலைக்கவில்லை. பூமிநாதன் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து ஆட்டினார்.

"வரம்பு எதற்கு என்று கேட்கிறீர்களே, இதைப் பாருங்கள். ஒத்தப்பனைக்குளத்தில் அழகுத்தாய் என்று ஓர் அம்மா. ஏழு வண்டிக்குச் சொந்தக்காரர். இலவச வீடு கேட்டு மூன்று முறை மனுக் கொடுத்திருக்கிறார்!"

தலைவர் கையைத் துடைத்துக்கொண்டார். "ஏழா? அந்த அம்மாவை நேரிலேயே பார்த்துவிடலாம், கிளம்புங்கள்."

வாளியை அப்படியே வைத்துவிட்டு வெளியே ஓடி வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். ஆயுத பூஜைக்கு முதல் நாள் எங்கள் ஊரில் என்ன நடக்கும் என்பது எனக்கல்லவா தெரியும். ஏழு வண்டியையும் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, மதினி வீட்டு வாசலில் வரிசையாக நிறுத்திவிட்டு, சாவிகளை அவள் கையில் கொடுத்துவிடுவோம். ராத்திரி முழுக்க அவை அவள் சாமி படத்துக்கு முன்னால் இருக்கும். மறுநாள் காலையில் அவள் கையால் வாங்கித்தான் வண்டியை எடுப்போம்.

"என்னங்க, வண்டிய எடுங்க! எல்லாத்தையும் எடுக்கச் சொல்லுங்க! சட்டமன்றமே கெளம்பி வருது!"

"எப்படிடி எடுக்குறது? சாவி பூராம் மதினிகிட்டல்ல இருக்கு."

"போயி வாங்குங்க!"

"அவுக ஆடு மேய்க்கப் போயிருக்காக. சாவிய இடுப்புல சொருகிட்டுப் போயிட்டாக."

குழுவின் கார்களுக்குப் பின்னால் பலகார வண்டியில் நானும் போய்ச் சேர்ந்தேன். ஊருக்குள் நுழைந்தபோது கண்ட காட்சியை உயிருள்ளவரை மறக்க மாட்டேன். ஆறு பேர் சேர்ந்து தண்ணீர் லாரியைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். அது அரை முழம் நகர்ந்திருந்தது. ஷேர் ஆட்டோவின் மேல் சோளத்தட்டையை அள்ளிப் போட்டு மூடியிருந்தார்கள். முன்பக்க விளக்கும் அதற்குக் கீழே சந்தனப் பொட்டும் மட்டும் எட்டிப் பார்த்தன. என் வீட்டுக்காரர் வேனைப் பாதி தள்ளி, தெருவுக்குக் குறுக்கே சிக்கவைத்துவிட்டு வேர்த்துக்கொண்டு நின்றார்.

"என்ன செய்கிறீர்கள்?" என்று தலைவர் கேட்டார்.

"எக்சசைசுங்கய்யா" என்றார் காளிராஜ் அண்ணன்.

அப்போது பார்த்துத்தான் மதினி ஆடுகளோடு வந்து சேர்ந்தாள். இடுப்பில் ஏழு சாவியும் கலகலவென்று சத்தம் போட்டன.

"பார்த்தீர்களா!" என்று பூமிநாதன் குதித்தே விட்டார். "ஏழு வண்டி! சாவியும் இடுப்பில்!"

சரஸ்வதி அம்மா குனிந்து குடிசைக்குள் போனார், கொஞ்ச நேரம் கழித்து வெளியே வந்தார்.

"உள்ளே நின்றால் பின்பக்கம் கண்மாய்க்கரை தெரிகிறது. சுவரே இல்லை" என்றவர் மதினியைப் பார்த்து, "இந்த வண்டியெல்லாம் உங்களுடையதா அம்மா?" என்று கேட்டார்.

மதினி எங்களைப் பார்த்தாள். காளிராஜைப் பார்த்தாள், கருத்தப்பாண்டியைப் பார்த்தாள், ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே வந்தாள். யாராவது வாயைத் திறக்கட்டும் என்று காத்திருந்தாள் என்பது எனக்குத் தெரியும். ஒருவரும் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. அந்த நேரத்தில் ஓர் ஆடு மட்டும் ஷேர் ஆட்டோவின் சோளத்தட்டையைத் தின்று அதைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளிக்கொண்டு வந்தது.

"ஆமாம்மா" என்றாள் மதினி. "ஏழும் என்னதுதேன்."

ஊர் மூச்சு விட்டது. பூமிநாதன் எழுதிக்கொள்ளச் சொல்லி அந்தப் பெண்ணுக்குக் கை காட்டினார்.

"நல்லா எழுதிக்கோ தாயி. நான் வசதிக்காரி. தெரியாம மூணு தடவ மனுக் குடுத்துட்டேன். எனக்கு வீடு வேண்டாம். நாளைக்குப் பூசை முடியட்டும், ஏழையும் அருப்புக்கோட்டையில கொண்டுபோயி வித்துப்புடுறேன். வர்ற காசுல மாடி வச்சு நானே கட்டிக்கிறேன்." சொல்லிக்கொண்டே சாவிகளை எடுத்து முந்தானையில் முடிந்து, இறுக்கி ஒரு முடிச்சுப் போட்டாள். அப்புறம் அரசு அதிகாரி ஒருவரைப் பார்த்து, "எம்பேர்ல இருக்கறத நான் விக்கலாமுல்லங்கய்யா?" என்றாள்.

"தாராளமாக விற்கலாம்" என்றார் அவர்.

"அய்யா, அது என் டிராக்டருங்கய்யா!" காளிராஜ் அண்ணன் அலறினார். "என் டிராக்டரு! நான் வாங்குனது!"

"பெயர்?" என்றாள் எழுதுகிற பெண்.

"காளிராசு! தகப்பன் பேரு சோணைமுத்து!"

"ஏலே, மினி லாரி என்னதுடா!" என்று கருத்தப்பாண்டி முண்டியடித்துக்கொண்டு வந்தான். சின்ன யானைக்காரர்கள் இருவரும் ஒரே நேரத்தில் ஓடிவந்து, எந்த யானை யாருடையது என்று அங்கேயே கட்டிப் புரண்டார்கள். ஆட்டோக்காரர் தலையில் சோளத்தட்டையோடு வந்தார். தண்ணீர் லாரிக்காரர், "நான்தான் அதத் தள்ளுனேன், அதுவே சாட்சி" என்றார். ஒவ்வொருவர் கத்தும்போதும் மதினி முடிச்சை அவிழ்த்து ஒரு சாவியை எடுத்து நீட்டினாள். என்னால் அடக்கவே முடியவில்லை, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.

"அப்படியென்றால் உங்களுக்கெல்லாம் வீடு எப்படி வந்தது?" என்று பூமிநாதன் கேட்டார்.

காளிராஜ் அண்ணன் நாக்கைக் கடித்துக்கொண்டார். அந்தப் பெண் அதற்குள் இரண்டு பக்கம் எழுதி முடித்திருந்தாள்.

மதினி கையில் ஒரே ஒரு சாவி மிச்சம் இருந்தது. அது வேன் சாவி. என் வீட்டுக்காரர் வேப்பமரத்து உச்சியில் எதையோ ரொம்ப அக்கறையாகத் தேடிக்கொண்டிருந்தார். மதினி அவரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள்.

"இது யாரு வண்டின்னு நாகுக்குத் தெரியும்" என்றாள். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும், நானும் ஏறிக்கொண்டு சண்டை போட்டிருப்பேன்.

என் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. பச்சைப் பெயிண்ட் அடித்த எங்கள் வீடும், அதில் நான் ஆசை ஆசையாகப் பதித்த அடுப்பங்கரைக் கல்லும் கண்முன் வந்து நின்றன. வெட்கமாக இருந்தது. பயமாகவும் இருந்தது.

"எங்க வண்டிதாங்கய்யா" என்றேன். "பட்டியல்ல அவுகளுக்கு ஏழு வண்டின்னு ஏத்துனதும் நான்தான். ஒண்ணுகூட அவுகளது இல்லைன்னு தெரிஞ்சுக்கிட்டேதான் ஏத்துனேன். போனு சொல்லுதுன்னு விட்டுட்டேன்."

எழுதுகிற பெண் ஒரு கணம் நிமிர்ந்து பார்த்துவிட்டு எழுதினாள்.

தலைவர் நின்றபடியே சொல்லச் சொல்ல எழுதப்பட்டது: ஏழு வண்டிகளும் பத்து நாளுக்குள் உரியவர் பெயருக்கு மாற்றப்பட வேண்டும், அழகுத்தாயின் மனு முதல் வரிசையில் வைக்கப்பட வேண்டும், ஏற்கெனவே வீடு பெற்ற ஏழு பேரிடமும் விளக்கம் கேட்க வேண்டும். மதினி ஓர் ஆட்டுக்குட்டியைத் தூக்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டு, "முத வரிசையா, முத வரிசையா?" என்று இரண்டு தடவை கேட்டாள். அதற்கப்புறம்தான் அழுதாள்.

"வரம்பு வேண்டும் என்று சொன்னேனே, பார்த்தீர்களா?" என்றார் பூமிநாதன்.

"உங்கள் வரம்பு வெளியே நிறுத்தியது யாரை என்று நீங்கள் பார்த்தீர்களா?" என்றார் சரஸ்வதி.

சண்டை போட்டுக்கொண்டே காருக்குப் போனார்கள். போக வழியில்லை, தெருவுக்குக் குறுக்கே எங்கள் வேன் நின்றது. வீட்டுக்காரர் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருகினார். அது இருமியது. மறுபடி திருகினார். அதுகூட இல்லை.

"ராசி போயிருச்சுடா" என்று கருத்தப்பாண்டி முணுமுணுத்தான்.

மதினி கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஆட்டுக்குட்டியோடு வேன் பக்கம் வந்தாள். "ஆறு வருசமா எம்பேர்ல ஓடுது. ஒருநாளாச்சும் ஏறிப் பாத்திருக்கனா?" என்று சொல்லி, முன் கதவைத் திறந்து வீட்டுக்காரருக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள்.

சரஸ்வதி அம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஒரு பக்கம் கை வைத்தார். பூமிநாதன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு இன்னொரு பக்கம். எத்தனை பேர் தள்ளினால் போதும் என்பதில் இருவருக்கும் அங்கேயும் ஒத்துவரவில்லை. நடுவில் நான் இரண்டு கையையும் ஊன்றி, தலையைக் குனிந்துகொண்டு தள்ளினேன். ஜன்னல் வழியாக மதினி தலையை நீட்டிப் பின்னால் பார்த்தாள்.

"தள்ளு நாகு" என்றாள். "நல்லாத் தள்ளு."