பூச்சியம் பேர் உள்ள ஒழுங்கை

கொழும்புத்துறையில் ஒரு பாடசாலையின் மேல்மாடியில் வெள்ள நிவாரண நிறுவனம் ஒன்று தன் முன்கணிப்புத் திரையைப் பொருத்தியிருந்தது. எந்த இடத்தில் எத்தனை போன் இருக்கிறது என்று பார்த்து, சிக்கியிருக்கும் ஆட்களை ஆட்களுக்கு முந்தியே அது அறிந்துவிடும். இணைப்பாளர் றொகான் இதை மூன்று நாட்டுத் தூதுவர்களுக்கு விளக்கியிருந்தார். வெள்ளத்துக்கு மட்டும் யாரும் விளக்கவில்லை.

உதயகலா நெஞ்சளவு தண்ணீரில் நடந்து வந்து படியேறினாள்.

"சேர், என்ரை மனுசனுக்குக் கால் முறிஞ்சு கம்பி போட்டிருக்கு. கட்டிலை நாலு கல்லு உயர்த்திப்போட்டு வந்தனான். ரெண்டாங் கல்லைத் தண்ணி மூடிட்டுது. ஒரு வள்ளம் விடுங்கோ."

திரையில் அவளுடைய ஒழுங்கை, அவள் வீடிருந்த குறுக்குத் தெரு, பச்சையாக இருந்தது.

"உங்கடை ஒழுங்கையிலை ஆக்கள் பூச்சியம், அம்மா. சேர்ச் மண்டபத்திலைதான் ஐம்பத்தேழு பேர். ஒரு வள்ளம் போயிட்டுது, மற்றதும் அங்கைதான் போகுது."

"அது ஆக்கள் இல்லை. கரண்ட் போய் மூண்டு நாள். சேர்ச்சிலை ஜெனரேற்றர் ஓடுதெண்டு ஊர்ச் சனம் முழுக்கப் போனைச் சார்ஜ் போடக் குடுத்திருக்கு. எங்கடை ரெண்டும் அங்கைதான்."

"அப்ப நீங்களும் அங்கைதான் நிக்கிறியள்."

"நான் உங்களுக்கு முன்னாலை நிக்கிறன்!"

றொகான் அவளைப் பார்த்தார். பிறகு, உறுதிப்படுத்திக்கொள்ள, திரையைப் பார்த்தார்.

"நான் கையாலை மாத்தினால் நாளைக்கு எல்லாரும் தெரிஞ்சவைக்கு வள்ளம் கேப்பினம்."

அதில் நியாயம் இல்லாமலும் இல்லை. நியாயத்துக்கு நீந்தத் தெரியாததுதான் குறை.

வாசலில் நின்ற வள்ளக்காரன் சுபாஸ் கேட்டான்: "எந்த ஒழுங்கை, அக்கா?"

"சுபாஸ்! வள்ளத்திலை பூட்டின கருவி நீ எங்கை போறாயெண்டு காட்டிக் குடுக்கும். போனால் உன்ரை ஒப்பந்தம் முடிஞ்சுது."

சுபாஸ் கீழே போனான். கருவியைக் கழற்றி வந்து மேசையில் வைத்தான்.

"கவனமா வைச்சிருங்கோ சேர். நனைஞ்சிடும்."

அவனும் உதயகலாவும் வள்ளத்தில் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது நாலாவது கல்லும் தெரியவில்லை. அவள் கணவன் ஜெயசுதன் யன்னல் கம்பியைப் பிடித்தபடி மோவாயை உயர்த்தி மூச்சுவிட்டுக்கொண்டிருந்தான். சுபாஸ் அவனை இழுத்தான். கால் கட்டில் சட்டத்தில் மாட்டிக்கொண்டது. தண்ணீர் வாய்க்கு வந்தது. மூன்றாம் தரம் இழுத்தபோது கால் விடுபட்டது. ஜெயசுதன் கத்திய கத்தில்தான் உதயகலாவுக்கு உயிர் வந்தது.

பாடசாலை விறாந்தையில் அவனைக் கிடத்தினார்கள். காலில் கட்டு அவிழ்ந்து இரத்தம் வடிந்தது. முதல் வள்ளமும் திரும்பியிருந்தது. ஐம்பத்தேழும் இல்லாமல் வரக்கூடாது என்று கட்டளை போனதால், வள்ளக்காரன் போன்களை உரச்சாக்கில் கட்டிக் கொண்டுவந்திருந்தான். திரையில் 'மீட்கப்பட்டோர் 57' என்று விழ, உள்ளே யாரோ கைதட்டினார்கள்.

"அம்புலன்ஸ் கூப்பிடுங்கோ சேர்," என்றாள் உதயகலா.

றொகான் ஜெயசுதனின் போன் இலக்கத்தைத் திரையில் தேடினார். "இவரை ஏற்கெனவே மீட்டாச்சு. காயம் ஒண்டும் இல்லையெண்டு பதிவாகியிருக்கு."

உதயகலா உரச்சாக்குக்குள் கையை விட்டுத் தன் போனைத் தேடி எடுத்து அம்புலன்ஸைத் தானே கூப்பிட்டாள். இடத்தைச் சொன்னாள். காலைப் பற்றிச் சொன்னாள்.

"காயம் இல்லையெண்டு சொல்ற ஒருத்தரும் பக்கத்திலை நிக்கிறார்," என்றாள். "வரேக்கை அவரின்ரை கண்ணையும் ஒருக்காப் பாருங்கோ."