ஒன்றரை அடி தள்ளி

1

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதைக்கு மூலம் ஒரு கயிறு. இரண்டாம் டிவிஷன் கால்பந்து மைதானம் ஒன்றின் சாமான் அறையில், சுண்ணாம்பு டப்பாவுக்கு மேலே ஆணியில் தொங்கியது. ஒரு நுனியில் ஒட்டுப்போட்ட வளையம், மறு நுனியில் முடிச்சு. அளந்தேன். இருக்கவேண்டியதைவிட ஒன்றரை அடி நீளம். பக்கத்திலேயே உறை பிரித்த புது டேப். நான் பார்த்தது அவ்வளவுதான். மற்றதற்கெல்லாம் நானே கண், காது, மூக்கு வைத்தேன்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "சீசனின் கடைசி வாரம், வானம் மூடிக்கொண்டு..."

வேண்டாம். வானத்தை வைத்துத் தொடங்குகிறவன் எதையோ மறைக்கிறான்.

2

மைதானக்காரர் முப்பது வருஷமாகப் புல் வெட்டிக் கோடு போடுகிறவர். டேப் என்றாலே இளக்காரம். கயிற்று வளையத்தைக் கோல் கோட்டில் அடித்த முளையில் மாட்டி, இழுத்துக்கொண்டே நடந்து, முடிச்சு வந்த இடத்தில் பெனால்டிப் புள்ளி வைப்பார். சீசன் தொடங்குமுன் வளையம் அறுந்தது. ஒரு துண்டை ஒட்டுப்போட்டு வேறு வளையம் கட்டினார், முடிச்சை நகர்த்த மறந்துவிட்டார். வருஷம் முழுக்கப் புள்ளி தள்ளியே இருந்தது.

(ஒன்றரை அடி பெரிய தூரமா என்று கேட்காதீர்கள். சரியான தூரத்தில் பழகின காலைக் கேளுங்கள்.)

வெளியிலிருந்து வந்த அணிகள் அங்கே அடித்த ஏழு பெனால்டியில் ஐந்தைக் கோல்கீப்பர் பிடித்தான். அவன் மைதானக்காரரின் மருமகன். முதல் டிவிஷன் கிளப் ஒன்று, கடைசி ஆட்டத்தையும் பார்த்துவிட்டு அவனிடம் கையெழுத்து வாங்குவதாகச் சொல்லியிருந்தது. அதே புள்ளியில் சொந்த அணியின் ஒன்பதாம் நம்பர் நான்கைக் கோட்டைவிட்டான். பந்தெல்லாம் மேலே போனதால் ஜனங்கள் அவனுக்கு வைத்த பேர் 'வாணவேடிக்கை'.

3

கடைசி ஆட்டத்துக்கு முந்தின நாள் லீக் ஆபீஸிலிருந்து டேப் வந்தது. சும்மா வேடிக்கைக்கு அளந்தார். மறுபடி அளந்தார். மூன்றாம் தடவையும் ஒன்றரை அடி அதிகமாகவே வந்தது.

(இங்கே அவரை அழவைத்தேன். பிறகு அந்த வரியை அடித்துவிட்டேன். அழுகிற ஆள் இல்லை.)

வீட்டில் மகள் சாமான்களைப் பெட்டியில் கட்டிக்கொண்டிருந்தாள். புது ஊரில் வீடுகூடப் பேசி முடித்தாயிற்று. அவர் மென்று விழுங்கி விஷயத்தைச் சொன்னார்.

"ஒன்றரை அடிதானேப்பா. யாரு அளக்கப் போறாங்க?"

"உன் புருஷன் பிடிச்சதெல்லாம்..."

"அவர் பாஞ்சு பிடிச்சார்ப்பா," என்றாள். "உங்க கயிறு பிடிக்கல."

அவர் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்தார்.

4

ஆட்டத்தன்று விடிகாலை, சுண்ணாம்பு டப்பாவோடு புள்ளிக்கு முன்னால் குந்தினார். நகர்த்தினால் பழைய புள்ளியின் தடம் தெரியும், மருமகன் பிடித்த ஐந்தையும் சொல்லி ஊர் சிரிப்பாய்ச் சிரிக்கும். நகர்த்தாவிட்டால், ஜெயித்தால்தான் முதல் டிவிஷன் என்கிற ஆட்டத்தில், சொந்தப் பிள்ளைகளே தப்பான இடத்திலிருந்து...

முடிவு அ: நகர்த்தினார்.
முடிவு ஆ: நகர்த்தவில்லை.

இரண்டையும் எழுதிப் பார்த்தேன். இரண்டிலும் எண்பத்தெட்டாம் நிமிஷம் பெனால்டி கிடைக்கிறது. வாணவேடிக்கை ஓடி வருகிறான். பந்து குறுக்குக் கம்பிக்கு மேலே போகிறது. அதை மட்டும் மாற்ற முடியவில்லை. அது நடந்தது. அடித்தவன் நான்.

5

அவரையே கேட்கவேண்டியதுதானே என்பீர்கள். மைதானத்து கேட் வரைக்கும் போனேன். உள்ளே அவர் இருமுவது கேட்டது. "அன்னிக்குக் காலையிலேயே சரி பண்ணிட்டேனே தம்பி" என்று சொல்லிவிட்டால், நான் எங்கே போய் நிற்பேன்? திரும்பிவிட்டேன்.

பந்தை வைக்கும்போது பக்கத்தில் பழைய தடம் இருந்ததா என்றும் கேட்பீர்கள். சத்தியமாக நினைவில்லை. நான் கீழே பார்க்கவே இல்லை.

அதனால் அவரை அங்கேயே குந்தவைத்திருக்கிறேன். டப்பா திறந்திருக்கிறது, பிரஷ் கையில் இருக்கிறது. எங்கே வைக்கட்டும், நீங்களே சொல்லுங்கள். என்னைக் கேட்டால், நகர்த்தாதீர்கள் என்றுதான் சொல்வேன்.