தவளைப் படைக்கு ஒரு வண்டி

தெருவில் அவளைப் பல்லக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பல் மருத்துவர்களுக்குப் பல்செட் செய்து அனுப்பும் லேப்பில் இருபது வருட வேலை. எதிரில் யாராவது சிரித்தால் முகம் அவள் நினைவில் நிற்காது, பல்வரிசைதான் கடைவாய் வரை நிற்கும்.

வீட்டுக்கு வந்தாலும் கை சும்மா இருக்காது. கூடத்து ஜன்னலோரம் ஒரு மேசை, வளைகிற விளக்கு, பூதக்கண்ணாடி. அங்கேதான் அவளுடைய படை உருவாகிக்கொண்டிருந்தது. கட்டைவிரல் உயரம்கூட வராத பிளாஸ்டிக் வீரர்கள். மாதத்தில் இரண்டு ஞாயிறு கிளப் ஹாலில் ஒன்றுகூடி, மேசை மேல் குன்றும் ஆறும் காடும் பரப்பி, அவரவர் படையை நிறுத்தி, பகடை உருட்டி, டேப்பால் அளந்து நகர்த்திப் போர் நடத்துவார்கள். மற்றவர்கள் பெட்டியில் வந்ததை வந்தபடி ஒட்டி வண்ணம் அடித்தார்கள். பல்லக்காவுக்கு அது ருசிக்கவில்லை. யாரிடமும் இல்லாத படை வேண்டும் என்று, மனித வீரர்களை வாங்கித் தலையையும் கால்களையும் அறுத்தெடுத்துவிட்டு, தவளைத் தலையும் மடங்கிய தவளைக் கால்களும் செய்து பொருத்தினாள். பல் மெழுகில் வடித்து, பல்செட் போடும் அதே பிளாஸ்டிக்கில் வார்த்து, பல் கம்பியால் இணைப்பாள்.

"தவளைக்கு ஏதுடி பல்லு?" என்று கேட்டார் கணவர். லிஃப்ட் மெக்கானிக்.

"என் தவளைக்கு உண்டு. முப்பத்திரண்டும்."

முப்பது தவளைகள் தயாராகிவிட்டன. ஆண்டுப் போட்டிக்கு ஐம்பது வேண்டும். மீதி இருபது பேரையும் அறுத்துப் போட்டிருந்த நேரத்தில்தான் கணவர் வந்து சொன்னார்: "பாப்பாவைக் கூட்டிட்டு வரப்போறேன். தனியா சமாளிக்க முடியலையாம்."

பாப்பா அவருடைய தங்கை. நாற்பத்தோரு வயது, பஸ் டிரைவர், குரல் கொடுத்தால் தெருமுனை திரும்பிப் பார்க்கும். ஆனாலும் வீட்டில் பாப்பாதான். நாலு மாதம் முன்பு டிப்போவில் நின்றிருந்த வண்டி ஒன்று தானாகப் பின்னால் உருண்டு வந்து அவளைச் சுவரோடு நசுக்கியது. இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

பல்லக்கா திரும்பித் தன் மேசையைப் பார்த்தாள். தட்டு நிறைய அறுத்த கால்கள். இடது தனி, வலது தனி. அன்றே எல்லாவற்றையும் அட்டைப்பெட்டியில் போட்டு அலமாரி உச்சியில் ஏற்றினாள். போட்டிக்கு வரவில்லை என்று கிளப்புக்கும் சொல்லிவிட்டாள்.

பாப்பா வந்தாள். செயற்கைக் காலைச் சுவரோரம் சாத்திவிட்டு, ஊன்றுகோலோடு சோபாவில் உட்கார்ந்தவள் உட்கார்ந்தவள்தான். போடச் சொன்னால் "அப்புறம் பாக்கலாம்" என்பாள். வீடே மூச்சை அடக்கிக்கொண்டது. அந்த வார்த்தையை யாரும் வாயில் எடுக்கவில்லை. ஆனால் தமிழில் அந்த வார்த்தை இல்லாமல் ஒரு நாளை ஓட்டிப் பார்த்தால்தான் கஷ்டம் தெரியும். "கால் மணி நேரத்துல வந்துடறேன்" என்று ஆரம்பித்த கணவர் நாக்கைக் கடித்துக்கொண்டு "பதினஞ்சு நிமிஷம்" என்றார். சர்க்கரை டப்பா காலியாகவில்லை, சர்க்கரை தீர்ந்துபோயிற்று. விடிந்தபோது காலை வரவில்லை, பொழுது விடிந்தது.

ஒன்பதாம் நாள் பாப்பா சோபா இடுக்கில் கைவிட்டு ரிமோட்டைத் துழாவினாள். கையில் வேறு ஏதோ தட்டுப்பட்டது. வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

"அண்ணி, இது யாரோட காலு?"

அடுப்படியில் பல்லக்காவின் கையிலிருந்த கரண்டி நழுவியது. அசட்டுத்தனமாக என்னவோ உளறி, கடைசியில் உள்ளதைச் சொல்லிவிட்டாள். பெட்டி, தட்டு, போட்டி, எல்லாம்.

பாப்பாவின் முகம் சிவந்தது. "அதான் நீங்க ரெண்டு பேரும் திருடன் மாதிரி நடமாடறீங்களா? ஒன்பது நாளா நானும் பாக்கறேன், இது வீடா, துக்கம் விசாரிக்க வந்த இடமா? எனக்குப் போனது காலு. அதைச் சொன்னா இன்னொண்ணும் போயிடாது!"

"உனக்குக் கஷ்டமா இருக்குமேன்னுதான்..."

"நீங்க ஒளிச்சு வெச்சதுதான் கஷ்டமா இருக்கு. எடுத்துட்டு வாங்க அந்தப் பெட்டியை."

பெட்டி இறங்கியது. பாப்பா ஒவ்வொரு தவளையாக எடுத்துப் பார்த்தாள். பல்லைப் பார்த்ததும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். அந்த வீட்டில் அவள் சிரித்த முதல் சிரிப்பு அது. அப்புறம் பஸ் டிரைவரின் கேள்வி வந்தது.

"போட்டி மேசையில ஆறு இருக்குன்னீங்களே, இவங்க அதை எப்படித் தாண்டுவாங்க?"

"நீந்தித்தான், பாலம் ரொம்பத் தள்ளி இருக்கு. ஆனா நீந்தினா பாதி தூரம்தான் நகரலாம்னு விதி. அதுக்குள்ள அக்கரையில இருக்கற கோபுரத்தை எதிராளி பிடிச்சுடுவான். அதைப் பிடிச்சவங்கதான் ஜெயிப்பாங்க."

"ஐம்பது பேரை நடக்க விட்டா எப்படி? வண்டி விடுங்க!"

மறுநாளிலிருந்து மேசைக்கு இரண்டு நாற்காலி. பல்செட் வைத்து அனுப்பும் பிளாஸ்டிக் டப்பா ஒன்று வண்டியின் கூடாயிற்று. இழுப்பதற்குப் பொம்மைக் கடையிலிருந்து இரண்டு ரப்பர் பல்லிகள். "பல்லக்கா வீட்டில் பல்லி வண்டி, பொருத்தம்தான்" என்று சொல்லிவிட்டுக் கணவர் தானே சிரித்துக்கொண்டார். பாப்பா எதிலும் சமரசம் செய்துகொள்ளவில்லை. முன்னால் ஒரு வாசல், பின்னால் ஒரு வாசல். படி தாழ்வாக இருக்க வேண்டும். பின்னால் பார்க்க இரு பக்கமும் கண்ணாடி வேண்டும். பல்லக்கா அலுமினியத் தாளில் அரிசி மணி அளவுக்கு இரண்டு கண்ணாடி வெட்டித் தந்தாள். இடையிடையே மிச்ச இருபது தவளைகளும் தயாராயின. வார்த்துப் பொருத்துவது அண்ணி, உப்புத்தாளால் தேய்ப்பது நாத்தனார். கிளப்புக்குப் போன் செய்து, வருகிறேன் என்று சொல்லியும் ஆயிற்று.

கடைசியாக ஓட்டுநர். அதை மட்டும் பல்லக்கா லேப்பில் மதிய இடைவேளையில் யாருக்கும் தெரியாமல் செய்தாள். தொப்பி போட்ட பெண் தவளை. இடது காலுக்குப் பதில் நுணுக்கமாகச் செதுக்கிய மரக்கட்டை, அதில் பித்தளைப் பூண்கூட வரைந்திருந்தாள். பாப்பா பார்த்தால் கண் கலங்குவாள் என்று நினைத்துக்கொண்டே கொண்டுவந்து நீட்டினாள்.

பாப்பா அதை வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அழகா இருக்கு. ஆனா வேண்டாம் அண்ணி."

"ஏன்டி?"

"என்னைப் பாத்தா எல்லாருக்கும் அதுதான் தெரியுது. இவளுக்காவது ரெண்டு வெச்சு விடுங்களேன். ஓட்டட்டும் நிம்மதியா."

பல்லக்காவுக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. மன்னிப்புக் கேட்கப் போனவளைப் பாப்பா கையமர்த்தினாள். பிறகு குனிந்து உப்புத்தாளை மடித்தபடியே மெல்லிய குரலில் சொன்னாள். "எனக்கு நடக்கணும்னு இல்லாம இல்ல. அந்தக் காலைப் போட்டா உயிர் போகுது. எலும்பு முனையில இடிக்குது. ஒரு நாள் ரத்தமே கசிஞ்சுது. செஞ்சு கொடுத்தவர் ரொம்ப நல்லவர், ‘எப்படி இருக்கு, சௌகரியமா?’ன்னு ஆசையாக் கேட்டார். ஆமான்னுட்டேன். எல்லாரும் போட்டுக்கிட்டு நடக்கறாங்க, எனக்குத்தான் பொறுமை இல்ல போலன்னு..."

பல்லக்கா கையிலிருந்த தவளையைக் கீழே வைத்தாள்.

"அடிப் பைத்தியமே! நான் இருபது வருஷமா பல்செட் செய்யறேன். முதல் தடவையே உறுத்தாத பல்செட்டை நான் பாத்ததே இல்ல. மூணு தடவை வருவாங்க, நாலு தடவை வருவாங்க. எங்க இடிக்குதுன்னு சொல்லுவாங்க, நாங்க தேய்ப்போம். சொல்லாதவங்கதான் டப்பாவுல போட்டு மூடி வெச்சுட்டுப் பட்டினி கிடப்பாங்க. இது உன் பொறுமைக் குறைச்சல் இல்ல. அளவுக் குறைச்சல்!"

"நிஜமாவா?"

"நாளைக்குக் கிளம்பு. நானும் வர்றேன். லிப்ஸ்டிக் இருக்கா உன்கிட்ட?"

"லிப்ஸ்டிக்கா? எதுக்கு?"

மறுநாள் செயற்கைக் கால் செய்யும் இடத்தில் அதற்குப் பதில் கிடைத்தது. வலிக்கும் இடத்தில் பல்லக்கா லிப்ஸ்டிக்கைப் பூசி, காலை மாட்டி நாலடி நடக்கச் சொன்னாள். கழற்றிப் பார்த்தால், கால் முனை நுழையும் கிண்ணத்தின் உள்ளே துல்லியமாக ஒரு சிவப்புப் பொட்டு. கால் செய்தவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அதைப் பார்த்தார், பிறகு பல்லக்காவைப் பார்த்தார்.

"நீங்க எந்த லேப்?"

"நான் பல்லு சார்."

அவர் சிரித்துவிட்டார். "ஏம்மா, அன்னைக்கே சொல்லியிருக்கலாமே?" என்று பாப்பாவைச் செல்லமாகக் கடிந்துகொண்டே அந்த இடத்தைச் சூடுபடுத்தி வெளிப்பக்கமாகத் தள்ளினார். வீக்கம் வற்ற வற்ற இன்னும் இரண்டு தடவையாவது வர வேண்டியிருக்கும் என்றார். அதே நாளில் பாப்பா வாசலிலிருந்து தெருமுனை வரை நடந்தாள். வலி போய்விடவில்லை. ஆனால் தாங்குகிற வலிதான்.

போட்டியன்று முதல் ஆட்டம் மருந்துக்கடைக்காரரோடு. அவருடையது டிராகன் படை, மூன்று வருடமாகத் தோற்காதது. வண்டியைப் பார்த்ததும் நடுவரைக் கூப்பிட்டார். "இது விதியில இல்லையே?"

நடுவர் புத்தகத்தைப் புரட்டினார். வண்டி உண்டு, பன்னிரண்டு பேர் ஏறலாம்; ஆனால் ஏறி இறங்க வழி கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

"வழியா?" என்று எழுந்து வந்தாள் பாப்பா. "ஏறறது பின்னால, இறங்கறது முன்னால. படி பாருங்க. கைப்பிடி பாருங்க. உங்க டிராகன்ல ஏற ஏணி எங்க சார்?"

ஹாலே சிரித்தது. மருந்துக்கடைக்காரரும் சிரித்தார். அதற்குப் பிறகு பாப்பா உட்காரவில்லை. பல்லக்கா படையை நடத்த, வண்டியை மட்டும் பாப்பாவே டேப்பால் அளந்து நகர்த்தினாள். பாலத்தில் திரும்பும்போது உதடு குவித்து ஹாரன் வேறு அடித்தாள். நாலாவது சுற்றில் டிராகன் நெருப்பைக் கக்கி வண்டி எரிந்துபோயிற்று. ஆனால் அதற்கு முந்தின சுற்றிலேயே பன்னிரண்டு தவளைகளும் கோபுர வாசலில் இறங்கியிருந்தன. கோபுரம் அவர்கள் கையில். மருந்துக்கடைக்காரர் எழுந்து கைகொடுத்தார். அடுத்த ஆட்டத்தில் ஒரு சின்னப் பேய்ப் படையிடம் படுதோல்வி அடைந்து போட்டியிலிருந்து வெளியேறினார்கள் என்பது வேறு விஷயம்.

இரண்டு மாதத்தில் பாப்பா தன் வீட்டுக்குத் திரும்பினாள். டிப்போவில் புது ஓட்டுநர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் வேலை. முதல் வாரமே பல்லக்காவுக்குப் போன் வந்தது.

"அண்ணி, குள்ளர் படை ஒண்ணு வாங்கிட்டேன். தாடியை ஒட்டினா நடுவுல இடைவெளி விழுது. எதை வெச்சு அடைக்கறது?"

"எதுக்குடி சொல்லணும்? என்னோடதானே மோதப்போற?"

"ஆமா. தோத்தவங்க வீட்டுல டீ."

பல்லக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மெழுகை எவ்வளவு சூடாக்க வேண்டும் என்பதிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.