பக்கத்தில் ஓர் ஆள்

விடத்தல்தீவில் போட் இஞ்சின் பழுதானால் ஜெனிஸ்ரனிடம்தான் கொண்டுபோவார்கள். கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுப் பிறகு வருந்துவார்கள்.

கைவேலையில் அவனை மிஞ்ச அந்தக் கரையில் ஆளில்லை. இறங்குதுறைக்கு வரும் போட்டின் சத்தத்தைத் தூரத்திலிருந்தே கேட்டு, "அந்தோனியின்ர இஞ்சினில ஒரு பிளக் அடிக்கேல்லை" என்று சொல்லிவிடுவான். கழற்றிப் பார்த்தால் அப்படியேதான் இருக்கும். சண்டை முடிந்து மெனிக் பாம் அகதி முகாமில் இருந்த ஒன்றரை வருடமும் தண்ணீர்ப் பம்புகள் அவன் கையால்தான் ஓடின. நூறு பேர் வாளிகளோடு வரிசையில் நிற்க, கம்பித் துண்டையும் பழைய டியூப் ரப்பரையும் வைத்துப் பம்பை ஓடவைத்துவிடுவான். மீளக்குடியேறிய பிறகு, அந்தப் பேரைக் கேள்விப்பட்டுத்தான் ஒரு தொண்டு நிறுவனம் வாழ்வாதார உதவியென்று தெருவோரத்தில் தகரக் கொட்டிலும் ஒரு பெட்டி சாமான்களும் கொடுத்தது.

இரண்டு வருடத்தில் அந்தக் கொட்டிலுக்குள் ஒன்பது இஞ்சின்கள் திறந்தபடி கிடந்தன.

அவனைச் சோம்பேறி என்று எவரும் சொல்லமுடியாது. விடியத் தொடங்கினால் பொழுதுபடும்வரை கை ஓயாது. காபரேட்டரைக் கழற்றுவான். அதற்கு ஊசி தேடப் போகிற வழியில் வேறொரு இஞ்சினின் கருகிய கொயில் கண்ணில் படும். அதைக் கையிலெடுத்தால் மத்தியானமாகிவிடும். மண்ணெண்ணெய் வாங்கக் கடைக்குப் போனால் அங்கே கடைக்காரரின் ரேடியோ கரகரக்கும். அதைத் திருத்திவிட்டு மண்ணெண்ணெய் இல்லாமல் திரும்பி வருவான். காபரேட்டர் காலையில் வைத்த இடத்திலேயே தூசி பிடித்துக் கிடக்கும்.

கேட்டு வருகிறவர்களுக்கு வாசலில் நின்று பதில் சொல்வது அவன் மனைவி நிறஞ்சலா. "நாளைக்கு வாங்கோ" என்பாள். சொல்லும்போதே அது பொய்யென்று அவளுக்கும் தெரியும், கேட்பவருக்கும் தெரியும்.

2012ஆம் ஆண்டு ஆனி மாதம், ஒரு சனிக்கிழமை. ஜெனிஸ்ரனோடு ஒரே வாங்கில் இருந்து படித்த தோமஸ், இஞ்சினுக்குப் புரொப்பலர் மாற்றத் தந்திருந்தான். சின்ன வேலை. புதியதைப் பூட்டி நட்டை இறுக்கியாயிற்று. நட்டு கழன்றுபோகாமல் தடுக்கும் பின்னைச் செருகி வளைத்துவிட்டால் முடிந்தது. பின்னைக் கையிலெடுத்த நேரம் தெருவில் ஒரு லொறி வந்து நின்றது. அதன் இஞ்சினுக்குள் அவன் முன்னொருபோதும் கேட்டிராத ஒரு விசில் சத்தம். எழும்பிப் போனான். சாரதியோடு சேர்ந்து அரை மணித்தியாலம் அந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறதென்று தேடினான். திரும்பி வந்தபோது புரொப்பலர் பூட்டப்பட்டிருந்தது, நட்டும் இறுக்கமாக இருந்தது. வேலை முடிந்ததென்று நினைத்துக் கையைத் துடைத்தான்.

திங்கட்கிழமை கடலில் வைத்து அந்தப் புரொப்பலர் கழன்று போய்விட்டது. தோமசையும் அவன் தம்பியையும் சோளகக் காற்று வடக்கே இழுத்துக்கொண்டு போனது. வெயில் ஏற ஏறக் கொண்டுபோன தண்ணீரும் முடிந்தது. பின்னேரம் இரணைதீவுப் பக்கம் நாச்சிக்குடாப் போட்டொன்று கண்டு கட்டி இழுத்து வந்திராவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

அடுத்த நாள் காலை தோமஸ் இஞ்சினைத் தோளில் சுமந்துகொண்டு கொட்டிலுக்கு வந்தான். விஷயம் இன்னும் ஜெனிஸ்ரனின் காதுக்கு எட்டியிருக்கவில்லை.

"புரொப்பலர் எங்க மச்சான்?"

"கடலுக்குள்ள. போய்ச் சுழியோடி எடுத்துக்கொண்டு வா."

தோமஸ் நடந்ததைச் சொன்னான். குரலை உயர்த்தவில்லை. கேட்டுக்கொண்டிருந்த ஜெனிஸ்ரனின் கண், சனிக்கிழமை வேலை செய்த பலகைத் தட்டின் கீழே போனது. அங்கே மணலுக்குள் பின் பளபளத்துக்கொண்டு கிடந்தது.

"உன்னோட சண்டை பிடிக்கத்தான் வந்தனான்," என்றான் தோமஸ். "வாற வழியில அதுவும் விட்டுப்போச்சுது. பேசி என்ன? நீ நாளைக்கு மறந்திடுவாய். இப்ப நான் இதில இருக்கிறன். நீ செய்து முடிக்குமட்டும் எழும்பமாட்டன்."

ஒரு மீன்பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு அதில் உட்கார்ந்தான்.

ஜெனிஸ்ரன் பழைய சாமான்களுக்குள் பொருத்தமான ஒரு புரொப்பலரைத் தேடியெடுத்து வேலையைத் தொடங்கினான். கொஞ்ச நேரத்தில் அவனை அறியாமலே எழும்பினான்.

"எங்க போறாய்?"

"குறடு எடுக்க."

"குறடு உன்ர காலடியில கிடக்குது."

குனிந்து பார்த்தான். கிடந்தது. திரும்பவும் உட்கார்ந்தான். தோமஸ் மீன்பெட்டியை விட்டு அசையவில்லை. தெருவில் பஸ் போனது, உழவு மிசின் ஒன்று இருமிக்கொண்டு போனது. ஜெனிஸ்ரனுக்கு எல்லாம் கேட்டது, ஆனால் எழும்பவில்லை. முக்கால் மணித்தியாலத்தில் வேலை முடிந்துவிட்டது. கடைசிப் பின்னை அவன் தோமசிடம் நீட்டினான்.

"இதை நீயே போடு."

தோமஸ் பின்னைச் செருகி, அதன் இரண்டு காலையும் வளைத்துவிட்டு, இஞ்சினைத் தூக்கிக்கொண்டு போனான். போகும்போது சொல்லிக்கொள்ளவில்லை.

மத்தியானம் சோற்றைப் போட்டுவிட்டு நிறஞ்சலா எதிரே இருந்தாள்.

"நேற்று முழுக்கத் தோமசின்ர மனிசி கரையிலயும் எங்கட வாசல்லயும் மாறி மாறி நிண்டவ. நீங்கள் றோட்டால போன ஆரோடயோ கதைச்சுக்கொண்டு நிண்டனீங்கள். நான் வந்து சொன்னதும் உங்கட காதில ஏறேல்லை. இனி உங்களுக்காக நான் நாளைக்கு எண்டு சொல்லமாட்டன். மன்னாருக்குப் போய் ஒருக்கா டொக்டரிட்டக் காட்டுவம்."

"எனக்கென்ன விசரா?"

"விசரெண்டு ஆர் சொன்னது? செல்லடிக்குள்ளால வந்தனாங்கள். தலைக்குள்ள என்ன கலங்கிப் போச்சுதோ, ஆருக்குத் தெரியும்?"

அவனும் அப்படித்தான் நம்பியிருந்தான். கேட்கிறவர்களிடமும் "சண்டைக்குப் பிறகு இப்பிடித்தான்" என்று சொல்லிச் சொல்லி அது பழகிவிட்டிருந்தது.

மன்னார் ஆசுப்பத்திரியில் மனநலப் பிரிவுக்கு முன்னால் நீள வாங்கில் இரண்டு மணித்தியாலம் காத்திருந்தார்கள். உள்ளே இருந்தது ஒரு பெண் டொக்டர், அவனைவிட வயது குறைந்தவராக இருக்கவேண்டும். அவன் சொன்னதையெல்லாம் எழுதிக்கொண்டு வந்தவர் நிமிர்ந்து கேட்டார்.

"சண்டைக்கு முதல் எப்பிடி? பள்ளிக்கூடத்தில?"

அப்படி ஒருவரும் அவனிடம் கேட்டதில்லை. யோசித்தான். ஐந்தாம் வகுப்பு றிப்போட்டில் ரீச்சர் எழுதிய வரி நினைவில் வந்தது: 'வகுப்பில் இருக்கிறான், ஆனால் இங்கே இல்லை.' கணக்குச் சோதனையில் முதல் பக்கத்தை முழுக்கச் சரியாகச் செய்துவிட்டு, யன்னலுக்கு வெளியே குளவி கூடு கட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்து மறுபக்கத்தைத் திருப்பாமலே கொடுத்ததும் நினைவில் வந்தது.

"அப்பவும் இப்பிடித்தான்," என்றான் மெதுவாக. நிறஞ்சலா அவனைத் திரும்பிப் பார்த்தாள்.

"சில பேருக்குப் பிறப்பிலயே கவனம் ஒரு இடத்தில நிக்காது. வளந்த பிறகும் இருக்கும். உங்களுக்கும் அதுதான் எண்டு நினைக்கிறன். இன்னும் ரெண்டு மூண்டு தரம் வாங்கோ, வடிவாப் பாப்பம். ஆனா ஒண்டு, நீங்கள் சோம்பேறி இல்லை. விசரும் இல்லை."

ஜெனிஸ்ரனுக்குச் சந்தோசப்படுவதா துக்கப்படுவதா என்று தெரியவில்லை. இவ்வளவு நாளும் பழியைப் போட ஒரு சண்டை இருந்தது. இப்போது அதுவும் இல்லை. ஆனால் தன்னை எவரும் உடைக்கவில்லை, தான் ஆக்கப்பட்டதே இப்படித்தான் என்பதும் கூடவே விளங்கியது.

"கிட்டடியில ஏதும் வேலையைத் துடக்கத்தில இருந்து முடிவுமட்டும் ஒரே இருப்பில செய்தனீங்களோ?"

"ஒருநாள் செய்தனான். தோமஸ் வந்து இருந்த அண்டைக்கு."

"அவர் என்ன செய்தவர்?"

"ஒண்டும் செய்யேல்லை. இருந்தவன்."

டொக்டர் பேனையைக் கீழே வைத்தார். "அப்ப அதையே திருப்பிச் செய்து பாருங்கோ."

பஸ் மன்னார்ப் பாலத்தைக் கடந்து தள்ளாடிச் சந்திப் பக்கம் திரும்பியபோது அவன் நிறஞ்சலாவிடம் சொன்னான்: "இனிமேல் சொந்தக்காரர் பக்கத்தில இருந்தாத்தான் இஞ்சினில கைவைப்பன்."

"சனம் சிரிக்கும்."

"சிரிக்கட்டும். சிரிக்கிறதெண்டாலும் இருந்து சிரிக்கட்டும்."

அடுத்த நாளே இரண்டு பேருமாகக் கொட்டிலைக் கவிழ்த்துத் துப்புரவாக்கினார்கள். கிடந்த இஞ்சின்களைப் பின்பக்கம் கொண்டுபோய்த் தறப்பாளால் மூடினார்கள். கண்ணில் பட்டால் கை போய்விடும். தட்டில் ஒன்றே ஒன்று. கழற்றுகிற ஒவ்வொரு சின்னச் சாமானும் ஒரே ஒரு மீன் தட்டத்துக்குள். கைத்தொலைபேசி மத்தியானம்வரை நிறஞ்சலாவிடம்.

சனம் சிரிக்கத்தான் செய்தது. "இனி இவர் சாப்பிடவும் நாங்கள் பக்கத்தில இருக்கவேணுமாம்" என்றார்கள். ஆனால் கடலுக்குப் போகிறவர்களுக்குப் பத்து மணிக்குப் பிறகு கிழிந்த வலை பொத்துகிற வேலை எப்படியும் உண்டு. அதைக் கொட்டில் நிழலில் இருந்து செய்தால் என்ன? வலையோடு வந்தார்கள். நிறஞ்சலா தேத்தண்ணி ஊற்றிக்கொடுத்தாள். அவர்கள் வலையைப் பொத்த, அவன் இஞ்சினைப் பூட்டினான். கடைசிப் பின்னைச் சொந்தக்காரரே போடவேண்டும் என்பது அங்கே சட்டமாகிவிட்டது. ஒன்றரை மாதத்தில் நான்கு இஞ்சின்கள் கடலுக்குப் போயின.

பிறகு ஆவணியில் மடு மாதா கோயில் திருவிழா வந்தது. நான்கு நாள் கொட்டில் பூட்டு. திரும்பி வந்தவனுக்கு அந்தப் பழக்கமெல்லாம் விட்டுப்போயிருந்தது. மடுவில் சந்தித்த கட்டுக்கரைக் குளத்துப் பக்கத்து வயல்காரர் ஒருவர், பழைய போட் இஞ்சினால் தண்ணி இறைக்கலாமோ என்று கேட்டிருந்தார். அந்த யோசனை அவனைப் பிடித்துக்கொண்டது. ஆறு நாள் தகரம் வெட்டினான், குழாய் வளைத்தான். இஞ்சினோடு வந்து இருந்த இரண்டு பேர் இருந்து பார்த்துவிட்டு எழும்பிப் போனார்கள். ஏழாம் நாள், சுற்றிக் கிடந்த குழாய்களுக்கு நடுவில் அவன் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தான். எல்லாம் முடிந்துவிட்டதென்று நினைத்தான்.

நிறஞ்சலா குழாய்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தறப்பாளுக்குக் கீழே கொண்டுபோய் வைத்தாள். ஏச்சு வருமென்று அவன் காத்திருந்தான்.

"இண்டைக்கு ஆரைக் கூப்பிடவேணும்?" என்று மட்டும் கேட்டாள்.

ஐப்பசியில் இன்னொரு தடவை விட்டுப்போனது. அந்த முறை திரும்பி வர மூன்று நாள். அதற்கடுத்த முறை ஒருநாள்தான்.

கார்த்திகை பிறந்தபோது தறப்பாளுக்குக் கீழே பழைய இஞ்சின் ஒன்றுதான் மிச்சம். அது பஸ்ரியனுடையது. பஸ்ரியன் முழங்கால் மடங்காத, ஐம்பது தாண்டிய மனிதர். அவரிடம் இருந்தது அந்த ஒரு இஞ்சின்தான். அதைக் கொடுத்துவிட்டுப் பத்து மாதம் "நாளைக்கு" கேட்டு நடந்தார். கடைசியில் வருவதையே விட்டுவிட்டு, மற்றவர்களின் போட்டில் கூலிக்குப் போனார். தெருவில் கண்டாலும் ஜெனிஸ்ரனோடு முகம் கொடுப்பதில்லை.

அவர் வரமாட்டாரென்று தெரிந்து, அவன் தனியாகவே செய்யப் பார்த்தான். மூன்று காலை முயன்றான். மூன்று காலையும் அந்த இஞ்சினில் தொடங்கி வேறெங்கோ போய் முடிந்தது. தோமசைக் கேட்கலாம், நிறஞ்சலாவைக் கேட்கலாம். ஆனால் அது பஸ்ரியனின் இஞ்சின். நாலாம் நாள் கையைக் கழுவிக்கொண்டு அவர் வீட்டுக்கு நடந்தான்.

பஸ்ரியன் முற்றத்தில் நண்டுவலையில் சிக்கிய பாசியைப் பிய்த்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"பஸ்ரியண்ணை, உங்கட இஞ்சினைத் தட்டில ஏத்தியிருக்கிறன்."

"போன மாசியிலயும் ஏத்தினதெண்டுதான் சொன்னனீ."

"ஓம் அண்ணை. அது பொய்." அதற்குப் பிறகு என்ன சொல்வதென்று வழியெல்லாம் யோசித்து வந்தது மறந்துபோயிருந்தது. "எனக்கு ஒரு குறை இருக்கு. மனம் ஒரு இடத்தில நிக்காது. மூண்டு தரம் பாத்துப்போட்டு டொக்டரும் அதுதான் எண்டு சொல்லிப்போட்டா. தனிய இருந்தா என்னால முடிக்கேலாது. நீங்கள் பக்கத்தில வந்து இருந்தா முடிப்பன்."

நிறஞ்சலாவுக்கும் டொக்டருக்கும் அப்பால் அவன் அதை வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. பஸ்ரியன் பாசியைப் பிய்த்துக்கொண்டே இருந்தார். ஒரு முழம் வலை துப்புரவாகியிருக்கும்.

"வந்தாலும் உன்னோட கதைக்கமாட்டன்."

"கதைக்க வேண்டாம் அண்ணை. இருந்தாக் காணும்."

நண்டுவலையை அள்ளிக்கொண்டு வந்தார். சொன்னபடியே ஒரு வார்த்தை கதைக்கவில்லை, தேத்தண்ணி மட்டும் குடித்தார். உள்ளே உப்புப் பிடித்து இறுகிப் போயிருந்ததால் அன்றைக்கு வேலை முடியவில்லை. மற்ற நாள் ஜெனிஸ்ரன் கொட்டிலைத் திறக்க வந்தபோது, பஸ்ரியன் காலை நீட்டியபடி வாசலில் இருந்தார்.

பின்னேரம் மூன்று மணிக்கு இஞ்சினைத் தண்ணீர்ப் பீப்பாவுக்குள் இறக்கிக் கயிற்றை இழுத்தான். இரண்டு தடவை இருமியது. மூன்றாம் தடவை பிடித்துக்கொண்டது. நீலப் புகை கொட்டில் நிறையப் பரவ, பஸ்ரியன் தலையைச் சரித்துச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு வெகுநேரம் நின்றார். பிறகு கையை நீட்டி, "பின்னைக் கொண்டா" என்றார்.

அவர் கடலுக்குப் போய் இரண்டு மூன்று நாளுக்குப் பிறகு தோமஸ் வந்தான்.

"நேற்றுக் கரையில உன்னைப்பற்றி ஒருத்தன் நக்கலாக் கதைச்சவன். பஸ்ரியண்ணை அவனைப் பிடிச்சு ஏசிப்போட்டார்."

"என்னெண்டு?"

"'என்ர முழங்கால் மடங்குதில்லை. அதுக்கு என்னை ஆரும் ஏசுறீங்களோ? அவனுக்கு மனம் மடங்குதில்லை. போய்ப் பக்கத்தில இருங்கோவன்' எண்டு."

ஜெனிஸ்ரன் சிரித்தான். சிரித்து முடியுமட்டும் தோமசுக்கு முகத்தைக் காட்டவில்லை. பிறகு அன்று காலை இலுப்பைக்கடவையிலிருந்து வந்திருந்த இஞ்சினைத் தட்டில் ஏற்றினான். அதன் சொந்தக்காரர் தேத்தண்ணிக் கோப்பையோடு உள்ளே வந்து, இருக்க இடம் தேடினார்.