மாதாவுக்கு முன்னால் தகடு கூடாது

வண்டியில் பூட்டிப் பனி ஒதுக்கும் தகடு ஒன்று வாங்கப் போவதாக என் கணவர் வலன்ரைன் அறிவித்த அன்று பலெர்மோவில் நல்ல வெயில். ஒக்டோபர் மாதம். நான் பல்கனியில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். மனிதர் தன் வாழ்நாளில் கண்ட பனியெல்லாம் ரொறன்ரோவிலிருந்து என் தம்பி ஸ்ரீபன் அனுப்பும் படங்களில் கண்டதுதான்.

மடோனியே மலையில் கன்னியாஸ்திரிகள் நடத்தும் விருந்தினர் விடுதியொன்றுக்குக் கோடையில் கூரைத் தண்ணீர்ப் பீலி திருத்தப் போயிருந்தார். குளிர்காலத்தில் முற்றத்துப் பனியை ஒதுக்க வருவீர்களா என்று தலைமைச் சகோதரி கேட்டாராம். இவர் உடனே தலையாட்டிவிட்டார். முதல் பனி நாளன்று, விருந்தினர் காலைச் சாப்பாட்டுக்கு இறங்குமுன் முற்றத்தைத் துப்புரவாக்கிக் காட்டினால் வேலை நிரந்தரம்.

அதோடு விட்டாரா? பத்தொன்பது வருஷமாகப் படி கழுவிய ஆறுமாடிக் கட்டடத்துக்குப் போய், டிசம்பரோடு நிற்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அவருடைய முழங்கால்களுக்குப் பின்னேரங்களில் எண்ணெய் போட்டு உருவிவிடுகிறவளும் நான்தான். இனிப் படி வேண்டாம் என்று வைத்தியர் சொல்லி ஒரு வருஷமாகிறது. மலை வேலை சரிவராவிட்டால் அந்தப் படிகளிடம்தான் திரும்பிப் போய்க் கெஞ்சவேண்டும்.

ஸ்ரீபனுக்குத் தொலைபேசி எடுத்தோம். இருபது வருஷமாகப் பனிக்குள் கிடக்கிறவன்.

"அத்தான், முன்னுக்குப் பூட்டுங்கோ. பின்னுக்குப் பூட்டுறது இஞ்சை ட்ராக்டருக்கு."

"முன்னுக்கு ஏலாது."

"ஏன்?"

"முன்னுக்கு மாதா நிக்கிறா."

உண்மைதான். எங்கள் பிக்கப்பின் முன்பக்கத்தில் மடு மாதாவின் படம் பெரிதாகப் பூட்டியிருக்கிறது. ஆவணித் திருநாளில் சுற்றுப்பிரகாரத்துக்கு அந்த வண்டிதான் முதலில் போகும். மாதாவின் முகத்துக்கு முன்னால் இரும்பை மாட்டி மறைப்பதா?

"பனியை மாதாவே தள்ளப்போறா?" என்று கேட்டேன்.

"கிளறா, நீர் சும்மா இரும்."

ஆகவே பின்னால். பிரான்காச்சோவில் இரும்புப் பட்டறை வைத்திருக்கும் சால்வோ இரண்டு தகடுகளைக் காட்டினார். ஒன்று மடங்காதது, அகலம் இரண்டரை மீற்றர். மற்றது இருபக்கமும் சிறகு வைத்தது. விரித்தால் மூன்றரை மீற்றர், மடக்கினால் வண்டியின் அகலம். இரும்பின் தடிப்பு, தூக்கும் பலம் என்று சால்வோ விளக்க விளக்க, என்னுடைய ஆள் சட்டைப்பையிலிருந்து ஒரு நூலை எடுத்தார். அல்பெர்கேரியாவில், சந்தையோடு ஒட்டிய எங்கள் ஒழுங்கையின் அகலம் அது. அதுவும் தக்காளிப் பெட்டிகள் வெளியே அடுக்கியிருக்கும் நேரத்தில் அளந்தது. மடக்கிய தகட்டில் நூலைப் பிடித்துப் பார்த்தார். நான்கு விரல் மிச்சம்.

"இதுதான்," என்றார்.

"மலையில் தக்காளி விற்பதில்லையே," என்று சால்வோ இத்தாலியனில் சொன்னார். சொல்லிவிட்டு, பாவம், பாரம் தாங்க வண்டியின் பின் வில்லுகளைத் தானாகவே பலப்படுத்திக் கொடுத்தார்.

ஞாயிறு தமிழ்ப் பூசை முடிந்து சுவாமியார் தகட்டுக்குத் தீர்த்தம் தெளித்தார். சனம் சுற்றிநின்று சிறகை விரிக்கச் சொல்லும், மடக்கச் சொல்லும். அதன் பிறகு எங்கள் செபமாலைக் கூட்டத்தில் ஒரு புது மன்றாட்டு சேர்ந்தது. நவம்பரிலேயே மூன்று சுவெற்றர் போடுகிற சனம், முழங்காலில் நின்று பனி கேட்டது.

ஜனவரியில் கிடைத்தது. பனி வரும் என்று செய்தியில் சொன்னதும் முதல்நாளே மேலே போய்த் தங்கினோம். விடிய எழும்பிப் பார்த்தால் கெண்டைக்கால் அளவு வெள்ளை. வலன்ரைன் பயந்துவிட்டார். நானும்தான்.

முற்றத்துக்குள் போக ஒரே வழி, பழைய கல் வளைவு. சிறகை மடக்கிக்கொண்டு மெல்ல நுழைந்தார். இரண்டு பக்கமும் நான்கு விரல் இடம். குசினிக் கதவு வரைக்கும் வண்டியைப் பின்பக்கமாக விட்டு, தகட்டை இறக்கி, சிறகை விரித்து, முன்னோக்கி இழுத்தார். கதவடியில் கிடந்த பனியெல்லாம் அவர் பின்னால் வந்தது. கறுப்பாய்க் கல் தெரிந்தது. நான் கைதட்டிவிட்டேன், வெட்கமில்லாமல்.

"முன்பு வந்தவருடைய தகடு இந்த வளைவுக்குள் நுழையவே இல்லை," என்றார் தலைமைச் சகோதரி, என்னருகில் வந்து நின்று. "அதற்கு முந்தியவர் முன்பக்கத் தகட்டால் தள்ளித் தள்ளி, பனியைக் குசினிக் கதவிலேயே குவித்துவிட்டுப் போனார். உங்கள் கணவர் எல்லாம் யோசித்துத்தான் வாங்கியிருக்கிறார்."

நான் ஓம் என்றேன். வேறென்ன சொல்ல? தக்காளிப் பெட்டியை எந்த முகத்தோடு சொல்வது?

ஏழேகாலுக்கு முற்றம் துப்புரவு. வலன்ரைன் இறங்கி, முன்னால் போய், மாதாவின் படத்தில் ஒட்டியிருந்த பனியைக் கையுறையால் துடைத்தார். சகோதரி அவருக்குக் கைகொடுத்தார்.

"எத்தனை வருஷ அனுபவம்?"

"பத்தொன்பது," என்றார் என்னுடைய ஆள், கண் இமைக்காமல்.

"நல்லது. வேலை உங்களுக்குத்தான். அப்படியே இதையும் முடித்துவிடுங்கள்," என்று ஒரு பனி மண்வெட்டியை அவர் கையில் கொடுத்துவிட்டு, முற்றத்து மூலையைக் காட்டினார். சிற்றாலயத்துக்கு ஏறும் படிகள். இருபத்திரண்டு. தகடு எட்டாத இடம். "முற்றம் என்றால் படியும் சேர்த்துத்தானே?"

அவர் படிகளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். கலியாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் முகம் அப்படி விழுந்து நான் கண்டதில்லை. எனக்கு அழுகை வந்தது.

"இஞ்சை விடுங்கோ," என்று மண்வெட்டியைப் பறித்தேன். "நீங்கள் மாதாவோடை இருங்கோ."

"கிளறா, உமக்கு இடுப்பு..."

"நீங்கள் சும்மா இருங்கோ."

இருபத்திரண்டாவது படியில் நிமிர்ந்து நின்று கீழே பார்த்தேன். வண்டியின் பக்கத்தில் நின்று, சகோதரிமார் எல்லோருக்கும் சிறகை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தார். வேலை அவருக்கு நிரந்தரம். படி எனக்கு.