மூடும் சீட்டில் அவள் கையெழுத்து

1

இந்தக் கதை ஒரு தொலைபேசிப் பேச்சின் நடுவில் கிடைத்தது. என்னோடு அறிவியல் படித்துவிட்டு, பிறகு பொறியியல் பக்கம் போன ஒருத்தி, வேறு எதையோ சொல்லிக்கொண்டிருந்தவள், நடுவில் சொன்னாள்: "நான் உள்ள போகவே இல்லடி. ஆனா போய்ப் பார்த்தேன்னு என் கையெழுத்து இருக்கு." சொல்லிவிட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன். மறுநாள் காலை பல் துலக்கும்போதுதான் எனக்குக் கோபம் வந்தது. என் கோபம் எப்போதும் ஒரு நாள் தாமதம். வந்த பிறகும் யாரிடம் காட்டுவது என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நிற்பேன்.

அவள் சொன்னது அந்த ஒரு வாக்கியம்தான். மற்றதெல்லாம், ஆட்கள், அளவுகள், அலுவலகம் எல்லாம், நான் கட்டியவை.

2

முதல் தொடக்கம்: "வானைத் தொடும் அந்த உலோகக் கோபுரத்தின் அடியில் அவள் சின்னஞ்சிறு

இல்லை. இருபத்தைந்து மீட்டர் உயரம் வானைத் தொடாது. தவிர, அவளைச் சின்னஞ்சிறு என்று நானே எழுதினால், இந்தக் கதையில் வரப்போகிற மற்றவர்களுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?

இரண்டாம் தொடக்கம்: "திரவங்களைக் கொதிக்கவைத்துப் பிரித்தெடுக்கும் கலையை மனிதகுலம்

(பாடப்புத்தகம். விட்டேன்.)

மூன்றாவது: அவள் தட்டுகள் வடிவமைப்பவள்.

இது நிற்கிறது. இதிலிருந்து போகலாம்.

3

அவள் தட்டுகள் வடிவமைப்பவள். அலுவலகத்தில் "தட்டு மேடம்" என்பார்கள். வீட்டில் அண்ணி, "மாசக்கணக்கா தட்டு தட்டுன்னு உயிரை விடறியே, அதுல ஒரு வேளை சாப்பாடு வைக்க முடியுமா?" என்று கேட்பாள். முடியாது. தட்டு முழுக்க ஓட்டை. அதுவும் ஆள் உயரத்தைவிட அகலமான இரும்புத் தட்டு.

ஆலையில் டவர் என்று சொல்லும் அந்த நெட்டைக் குழாய்க்குள் இப்படி முப்பது தட்டுகள், ஒன்றின்மேல் ஒன்றாக. கீழே கொதிக்கும் திரவத்தின் ஆவி, தட்டுகளின் துளைகள் வழியாக மேலே ஏறும். மேலிருந்து திரவம் தட்டுத் தட்டாக இறங்கும். ஏறுவதும் இறங்குவதும் ஒவ்வொரு தட்டிலும் ஒன்றையொன்று தொட்டுக் கலந்து பிரிய வேண்டும். சுலபமாக ஆவியாகும் சரக்கு மேலே போய்ச் சேரும், ஆகாதது கீழே தங்கும். அந்தத் தொடுகை சரியாக நடப்பதற்குத்தான் அவளுக்குச் சம்பளம்.

திரவம் இறங்குவதற்குத் தனி வழி உண்டு. ஒவ்வொரு தட்டின் ஓரத்திலும் ஒரு தகட்டுச் சுவர், கீழ்த்தட்டை நோக்கித் தொங்கும். அந்தச் சுவரின் பின்பக்கமாக விழுந்து, அதன் அடியில் இருக்கும் இடுக்கு வழியாகத் திரவம் கீழ்த்தட்டுக்கு வரும். அந்த இடுக்கு எப்போதும் திரவத்துக்குள் மூழ்கியிருக்க வேண்டும். கீழ்த்தட்டில் ஐம்பது மில்லிமீட்டர் உயரத்துக்குத் திரவம் நிற்கும். ஆகவே இடுக்கு நாற்பது. அவள் வரைபடத்தில் முப்பது இடங்களில் எழுதியது அந்த நாற்பதைத்தான். இடுக்கு பெரிதாகித் திரவமட்டத்துக்கு மேலே வாய் திறந்தால், ஆவி துளைகளை விட்டுவிட்டு அந்தச் சுலப வழியில் புகுந்து ஏறும். இறங்க வேண்டியது இறங்க முடியாமல் மேலேயே தேங்கும். டவர் மூச்சு முட்டி நிற்கும்.

(இவ்வளவு விளக்கம் கதைக்குத் தேவையா என்று என் முதல் வாசகர் கேட்டார். இதை ஓர் ஆண் எழுதியிருந்தால், "என்ன நுட்பம்" என்றிருப்பார். இந்த வரியை அடுத்த திருத்தத்தில் எடுத்துவிடலாம் என்றிருந்தேன். எடுக்கவில்லை.)

4

டவரை மூடுவதற்குமுன் ஒரு வழக்கம் உண்டு. தட்டை வரைந்தவர், ஆள் நுழையும் வட்டத் துவாரம் வழியாக உள்ளே போய், ஒவ்வொரு தட்டையும் அளந்து பார்த்து, வெளியே வந்து மூடும் சீட்டில் கையெழுத்துப் போட வேண்டும். அதன் பிறகுதான் மூடியைப் போட்டு முடுக்குவார்கள். பிறகு உள்ளே என்ன இருக்கிறது என்பதற்கு அந்தச் சீட்டு மட்டுமே சாட்சி.

அவள் தலைக்கவசம், டார்ச், அளவு நாடாவோடு போய் நின்றாள்.

தட்டுகளைப் பொருத்திய ஃபோர்மேன் பதறிவிட்டார். "நீங்க எதுக்கு மேடம்? உள்ள ஒரே பிசுக்கு. ஏணி வேற வழுக்குது."

"பார்க்கணும் அண்ணே. நான்தானே வரைஞ்சேன்."

"நாங்க பார்த்தாச்சு. நீங்க நிழல்ல உக்காருங்க, நாற்காலி போடச் சொல்றேன்."

அதற்குள் மேலாளர் வந்தார். "என்னம்மா இங்க நிக்கறே? இதெல்லாம் அவங்க பார்த்துப்பாங்க. உள்ள மாட்டிக்கிட்டா உங்க வீட்டுக்கு நான்தான் பதில் சொல்லணும். போய் அடுத்த ரெண்டு டவரோட கணக்கை முடி."

"இல்ல சார், போகணும்," என்றாள். அவளுக்கே கேட்காத குரலில்.

(இங்கே அவளை மேசையில் ஓங்கி அடிக்கவைக்கப் பார்த்தேன். மேசை இல்லை, வெட்டவெளி. மேலாளரிடம் நாலு வார்த்தை கேட்கவைக்கப் பார்த்தேன். கேட்க மாட்டேன் என்கிறாள். எனக்கு அவள்மேலும் கோபம்தான்.)

நாற்காலி வந்தது. அவள் உட்காரவில்லை. அந்தப் பிடிவாதத்தை மட்டும் காட்டிவிட்டுத் திரும்பிப் போனாள். மறுநாள் வந்தபோது எல்லா மூடிகளும் முடுக்கப்பட்டிருந்தன. சீட்டில் யார் கையெழுத்துப் போட்டது என்று அவள் விசாரிக்கவில்லை. மேலாளர் போட்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டாள்.

5

டவர் ஓடவில்லை. பாதிச் சுமையிலேயே மூச்சு முட்டியது. மூன்று முறை நிறுத்தி ஓட்டினார்கள், மூன்று முறையும் அதே கதி.

பத்தே நாளில் அறிக்கை தயார். "வடிவமைப்புப் பிழை. துளைகள் போதவில்லை." அடியில் அவள் கையெழுத்துக்கு ஒரு கோடு.

அவள் அழுத்தப் பதிவுகளை வாங்கி, கட்டம் போட்ட வரைபடத் தாளில் புள்ளி வைத்துப் பார்த்தாள். துளை போதாவிட்டால் அழுத்தம் படிப்படியாக ஏற வேண்டும். இது சும்மா கிடந்துவிட்டு ஒரே தாவலில் ஏறியிருந்தது. துளையின் குணம் அது இல்லை. ஆவி வேறு வழியில் ஏறியிருக்கிறது.

மேலாளரிடம் தாளைக் காட்டினாள். அவர் தாளைப் பார்க்காமல் அவளைப் பார்த்தார். "தப்பு நடக்கறது சகஜம்மா. சின்னப் பொண்ணு நீ, மனசுல வெச்சுக்காத. அடுத்த ரெண்டு டவர்லயும் துளையைக் கூட்டிடு."

துளையைக் கூட்டினால் திரவம் துளை வழியாகவே ஒழுகிவிடும். ஒன்று ஓடவில்லை, இனி மூன்றும் ஓடாது. மூன்றிலும் அவள் பெயர் இருக்கும்.

வீட்டில் அவள் சாப்பாட்டில் கை வைக்காததைப் பார்த்து அண்ணி கேட்டாள். "யாரு உன்னை என்ன சொன்னது?"

"உள்ள போய்ப் பார்க்க விட மாட்டேங்கறாங்க அண்ணி."

"நீ கேட்டியா? இல்ல, மனசுக்குள்ள கேட்டியா?"

அவள் தட்டைத் தள்ளிவைத்தாள்.

"மனசுக்குள்ள கேட்டா மனசுக்குள்ளதான் பதில் வரும். உங்க அண்ணன்கிட்ட நான் பத்து வருஷம் அப்படித்தான் புடவை கேட்டேன்."

6

துளை கூட்டிய புதுத் தட்டு போடுவதானாலும் ஓடாத டவரைத் திறந்துதானே ஆக வேண்டும். திறந்த காலையில் அவள் எல்லோருக்கும் முன்னால் அங்கே இருந்தாள். பெண்கள் உள்ளே போகக் கூடாது என்று எந்தக் காகிதத்திலும் இல்லை. முந்தைய வாரம் முழுக்கத் தேடிப் பார்த்துவிட்டாள். நுழைவுப் பதிவேட்டில் பெயர் எழுதினாள். காவலுக்கு நின்றவர், உள்ளே காற்று சோதித்த சீட்டைப் பார்த்து நேரம் குறித்துக்கொண்டார். அவ்வளவுதான். அதற்குத்தான் இவ்வளவு நாள்.

ஃபோர்மேன் பின்னாலேயே விளக்கோடு ஏறி வந்தார். கீழ்ப்பாதியில் எல்லாம் நாற்பது. பதினாறாவது தட்டில் அவள் நாடாவை வைத்தாள். எடுத்துத் துடைத்து மறுபடி வைத்தாள்.

"எவ்வளவு மேடம்?"

"அறுபத்தஞ்சு."

"இருக்காதே. கட்டை வெச்சுத்தான் ஏத்தினோம்."

"கட்டை இருக்கா?"

சட்டைப்பையிலிருந்து எடுத்தார். சின்ன மரக்கட்டை. ஒவ்வொரு இடுக்கிலும் நாடா வைத்து அளக்க முடியாது என்று தச்சரிடம் சொல்லி வெட்டிய கட்டை. அதை இடுக்கில் செருகி, சுவர்த்தகடு அதில் உட்காரும்போது திருகை முடுக்குவார்கள். படுக்க வைத்தால் உயரம் நாற்பது. அவள் அதை வாங்கி நிமிர்த்தி வைத்து அளந்தாள். அறுபத்தைந்து.

ஃபோர்மேன் விளக்கைக் கட்டைக்குப் பக்கத்தில் கொண்டுவந்து பார்த்தார்.

"பதினஞ்சு வரைக்கும் நான் இருந்தேன்," என்றார். "அப்புறம் ஆள் மாறினாங்க. கட்டையைக் கையில குடுத்தேன். எந்தப் பக்கம்னு சொல்லல."

"சரி அண்ணே. கண்டுபிடிச்சாச்சுல்ல." முப்பதாவது தட்டு வரை ஏறி அளந்தாள், எல்லாம் அறுபத்தைந்து.

"இன்னொண்ணு இருக்கு மேடம்." அவர் விளக்கை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். "மூடுற சீட்டு. அதுல உங்க பேர்ல நான்தான் போட்டேன். மேனேஜர்தான், 'அந்தப் பொண்ணைத் தொந்தரவு பண்ணாத, நீயே போட்டுடு'ன்னாரு. உங்களுக்கு நல்லதுதானேன்னு நினைச்சேன். இதுக்குள்ள வந்து கஷ்டப்பட வேணாம்னு."

அவள் கட்டையைத் திருப்பிக் கொடுத்தாள். "கஷ்டப்படத்தானே அண்ணே எனக்குச் சம்பளம்."

* முதல் வரைவில் ஃபோர்மேனை வில்லனாக எழுதியிருந்தேன். எச்சில் தெறிக்கப் பேசுவார், அவளை ஒரு மாதிரி பார்ப்பார். அடித்துவிட்டேன். அவர் நல்லவர். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கெட்டவர் என்றால் ஒரு வசை போதும். அக்கறையாக நாற்காலி போட்டுவிட்டு, அதே கையால் நம் கையெழுத்தைப் போடுகிறவரை என்ன சொல்லித் திட்டுவது?

7

அன்று மாலை, மேலாளர் அறை. மேலாளர், ஃபோர்மேன், அவள். மேசைமேல் அறிக்கை, பக்கத்தில் மூடும் சீட்டு.

"அறுபத்தஞ்சுன்னே வெச்சுக்குவோம்," என்றார் மேலாளர். "உள்ள போய் அளந்து, எல்லாம் சரின்னு நீயே கையெழுத்துப் போட்டிருக்கியேம்மா. இதை வெளிய சொன்னா பார்த்தும் கோட்டை விட்டவன்னு உன்னைத்தான் சொல்வாங்க."

அவள் சீட்டைப் பார்த்தாள். அவள் பெயரின் கடைசி எழுத்துக்கு அவள் ஒருநாளும் போடாத ஒரு சுழி.

"அது உன் கையெழுத்து இல்லன்னு சொல்லலாம். சொன்னா இவர் வேலை போயிடும். ரிட்டையராக இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு இவருக்கு. நான் சொல்றதைக் கேளு. டிசைன்ல பிழைன்னு போட்டுட்டு, இடுக்கை நாம சத்தமில்லாம சரி பண்ணிடலாம். யாருக்கும் ஒண்ணும் ஆகாது."

(இந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டு எழுந்துபோனேன். அந்த "யாருக்கும்" என்ற சொல்லுக்குள் ஃபோர்மேன் இருக்கிறார், மேலாளர் இருக்கிறார், ஆலை இருக்கிறது. அவள் இல்லை. கணக்குப் போட்டவள், வரைந்தவள், பிழையைக் கண்டுபிடித்தவள், எண்ணிக்கையில் வரவில்லை.)

8

முடிவு ஒன்று: அவள் எழுந்து நின்று முழங்குகிறாள். எல்லோரும் தலைகுனிகிறார்கள். மேலாளர் மன்னிப்புக் கேட்

நான் வேலை பார்த்த எந்த அலுவலகத்திலும் இது நடக்கவில்லை.

முடிவு இரண்டு: கையெழுத்துப் போட்டுவிடுகிறாள். இரண்டு வருடம் கழித்து ஃபோர்மேன் மாலையும் கழுத்துமாக ஓய்வு பெறுகிறார். அவள் கைதட்டுகிறாள்.

இதைத்தான் முதலில் எழுதி முடித்தேன். நன்றாகவும் வந்திருந்தது. கிழித்தேன்.

முடிவு மூன்று: அவள் மேலாளரின் பேனாவை எடுத்தாள். அறிக்கையைத் தொடவில்லை. மூடும் சீட்டைத் தன் பக்கம் இழுத்து, அந்தச் சுழி போட்ட கையெழுத்துக்குக் கீழே தன் கையெழுத்தைப் போட்டாள். பக்கத்தில் அன்றைய தேதி. அதன் கீழே: "இன்றுதான் உள்ளே போனேன். பதினாறு முதல் முப்பது வரை அறுபத்தைந்து."

"என்னம்மா பண்ணிட்டே?" என்றார் மேலாளர்.

"மேல இருக்கறது என் கையெழுத்து இல்ல சார். கீழ இருக்கறதுதான்." இந்த முறை குரல் அறை முழுக்கக் கேட்டது. அவளுக்கே கொஞ்சம் திடுக்கென்றது.

பிறகு ஃபோர்மேனைப் பார்த்தாள். "யார் போடச் சொன்னாங்கன்னு நீங்க சொல்லலாம் அண்ணே. சொல்லாமலும் இருக்கலாம். அது உங்க இஷ்டம். என் பேரை மட்டும் எனக்குக் குடுத்துடுங்க."

ஃபோர்மேன் மேலாளரைப் பார்த்தார். மேலாளர் சீட்டைப் பார்த்தார்.

9

இதற்கு மேல் எழுதவில்லை. எழுதத் தெரியாமல் இல்லை.

இதுவரை ஐந்து பேருக்கு இந்தக் கதையைப் படிக்கக் கொடுத்தேன். ஐந்து பேரும் நல்லவர்கள். ஐந்து பேரும் முடித்ததும் கேட்ட முதல் கேள்வி ஒன்றுதான்: "பாவம், அந்த ஃபோர்மேன் என்ன ஆனார்?" ஒருவர் கூடுதலாக, "அவ கொஞ்சம் அனுசரிச்சுப் போயிருக்கலாம்" என்றார். அவளுக்கு அந்த அலுவலகத்தில் மறுநாள் எப்படி விடிந்தது, அடுத்த இரண்டு டவரும் அவள் கைக்கு வந்ததா, வந்தபோது உள்ளே போனாளா என்று ஒருவரும் கேட்கவில்லை.

ஆகவே ஃபோர்மேன் கதியை எழுத மாட்டேன். உங்களுக்கும் முதலில் தோன்றியது அந்தக் கேள்வியே என்றால், கீழே இடம் விட்டிருக்கிறேன், நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். ஒரே ஒரு நிபந்தனை. அவளுக்கு என்ன ஆனது என்பதை முதல் வரியில் எழுதுங்கள். எழுதி முடித்ததும் உங்கள் சொந்தக் கையெழுத்தைப் போடுங்கள். என் பெயரைப் போட வேண்டாம்.