காப்புக் கட்டிய கை

...இன்னொரு தடவை அந்த நர்ஸம்மா வந்து 'ரத்தம் ரெடியா?' என்று கேட்டால் சண்டைக்கே போய்விடுவேன், நான் என்ன முந்தானையிலா முடிந்து வைத்திருக்கிறேன், ஆயிரத்தில் ஒருத்தருக்குத்தான் இருக்குமாம் அந்த ரத்தம், திருமழிசை இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிற அருள்தாஸுக்கு எதற்கு மாதாவே இந்த அபூர்வம், சாதாரணமாக ஒன்றை ஊற்றி அனுப்பியிருக்கக் கூடாதா? இதயத்தில் வால்வு கெட்டு, நாலடி நடந்தால் மூச்சு வாங்குகிறது என் வீட்டுக்காரருக்கு, இன்றைக்கு ஆபரேஷன் செய்யாவிட்டால் தாங்கமாட்டார் என்று டாக்டர் சொல்லிவிட்டார், உள்ளே படுக்கவைத்தும் ஆயிற்று, இன்னும் ஒரு பாட்டில் ரத்தம் வராமல் கத்தி வைக்கமாட்டார்களாம். கம்பெனி ஆட்கள் வேன் பிடித்து வந்தார்கள், ரத்தம் கொடுத்தால் உடம்பு உருகிவிடும் என்று பயந்தவர்கள்கூட விரலை நீட்டினார்கள், ஒருத்தருக்கும் சேரவில்லை, சேர்ந்த ஒரே ஆள் கம்பெனிக்குப் புதிதாக வந்த பையன், அவனுக்குப் போன மாதம்தான் மஞ்சள் காமாலை, வேண்டாம் என்று திருப்பிவிட்டார்கள், தூண் ஓரம் போய் அழுதுகொண்டு நிற்கிறான், அவனை நான் தேற்றவேண்டியிருக்கிறது, நல்ல கூத்து.

"கன்னியப்பன் அண்ணனுக்கும் அதே ரத்தம்தானேடி, சொல்லி அனுப்பட்டா?" பக்கத்தில் ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்த ஜெயகுமாரி கேட்டாள், காட்டுப்பாக்கத்தில் என் எதிர்வீடு, கோயில் ஜெபக்கூட்டத்தில் என் கூட்டாளி. வாயை மூடு என்றேன். தெரியாதா எனக்கு, கன்னியப்பன் இவருக்கு அடுத்த மெஷின், மச்சான் மச்சான் என்று உயிரை விடுகிறவர், ஆனால் ஆடி மாசம், அம்மன் கோயிலில் தீ மிதிக்கக் காப்புக் கட்டியிருக்கிறார், காப்புக் கட்டினால் ஊர் எல்லை தாண்டக் கூடாது, ஆஸ்பத்திரி, சாவு வீடு எதிலும் காலடி வைக்கக் கூடாது, தீ மிதிக்கிற அன்றைக்குப் பச்சைத் தண்ணீர் மட்டும்தான், அந்த நாள் இன்றைக்குத்தான்... எப்படிக் கேட்பேன், என் புருஷன் பிழைக்க உன் சாமியை விட்டுவிட்டு வா என்றா? எவளாவது என்னிடம் வந்து அப்படிக் கேட்டால் நான் சும்மா விடுவேனா?

கேட்கவே இல்லையே, ஆனாலும் வந்துவிட்டார், யார் போய்ச் சொன்னார்களோ, பல்லவன் பஸ்ஸில் மஞ்சள் வேட்டியும் வெறுங்காலுமாக, கையில் மஞ்சள் கயிறு, வராந்தாவே திரும்பிப் பார்த்தது. "இன்னா தங்கச்சி, ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? நா இன்னா செத்தா பூட்டேன்?" என்று அதட்டல் வேறு. காப்பு, அண்ணே, என்று அந்தக் கயிற்றைக் காட்டினேன். "காப்பு எதுக்குக் கட்னேன்னு நென்ச்சே? அவன் நெஞ்சு நல்லாவணும்னுதான் நேந்துகினேன். இப்ப அவன வுட்டுட்டு நெருப்புல எறங்குனா ஆத்தா செருப்பால அடிப்பா."

ரத்தம் எடுக்கிற இடத்திலும் வம்பு, வெறும் வயிற்றுக்காரரிடம் ரத்தம் எடுக்கமாட்டோம் என்றாள் நர்ஸ், ஏதாவது சாப்பிடட்டும் என்று. என் கூடையில் இருந்தது ஒரே ஒரு பன், செவ்வாய்க்கிழமை அந்தோணியார் கோயிலில் மந்திரித்துக் கொடுத்தது, காய்ந்து கல்லாகிவிட்டது, இவருக்கென்று வைத்திருந்தேன், அதைப் போய் விரதக்காரருக்கு நீட்டுவதா என்று நான் தயங்க, அவரே எட்டிப் பார்த்துவிட்டார். "அது இன்னா?" அந்தோணியார் பன் அண்ணே. "அப்ப சாமி சோறுதான, குடு" என்று வாங்கி, கண்ணில் ஒற்றிக்கொண்டு, கடித்தார் பாருங்கள்... என் பிறவியில் பூசையில் எத்தனை நற்கருணை அப்பம் வாங்கியிருப்பேன், அப்படி ஒரு பயத்தோடு, அப்படி ஒரு ஆசையோடு வாங்கியிருக்கிறேனா?

ரத்தம் சேர்ந்தது, கதவைச் சாத்திவிட்டார்கள், உள்ளே வேலை ஆரம்பமாயிற்று. கன்னியப்பன் கிளம்பினார், சாயங்காலம் நெருப்பில் இறங்கப் போறீங்களா அண்ணே என்றேன். "எறங்காம? வெரதம் கலஞ்சிச்சான்னு கேட்டா, ஆமான்னு சொல்லிடுவேன், பொய் சொல்லமாட்டேன். அப்பறம் ஊர் பாடு, ஆத்தா பாடு." விரதம் கலைந்தவன் இறங்கினால் சுட்டுவிடும் என்பார்களே... சிரித்துக்கொண்டே போகிறார், ரத்தம் கொடுத்த அசதியில் சுவரைப் பிடித்துப் பிடித்து, நானும் ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறேன், எனக்கு இந்தத் தைரியம் வருமா, சத்தியமாக வராது.

மணி என்ன ஆகிறதோ, வெயில் இறங்கிவிட்டது, கதவு இன்னும் திறக்கவில்லை, ஜெயகுமாரி உருட்டுகிறாள், நானும் உருட்டுகிறேன், காப்பாத்து தாயே, ஒரு கொப்புளம் வராமல் காப்பாத்து, அந்தக் காலைக் காப்பாத்து... காலா? என் வீட்டுக்காரருக்கு நெஞ்சில் அல்லவா ஆபரேஷன்? எவ்வளவு நேரமாக இதையே கேட்டுக்கொண்டிருக்கிறேன், அதுவும் எந்தத் தாயிடம்...